காகித பொம்மைக்குப் பூசணம் பிடிக்கிறதா?

கேள்வி: மயிலாடுதுறையில் பழைய செய்தித்தாள், தையல்கடைத் துண்டுத்துணி வைத்து இரண்டடி கொலு பொம்மைகள் செய்கிறேன். ஐப்பசி மழையில் பூசணம் பிடித்துவிடுகிறது. வார்னிஷ் அடித்தால் போதும் என்கிறார் கடைக்காரர். ஐயாயிரம் கொடுத்தால் புவிசார் குறியீடு வாங்கித் தருவதாக இன்னொருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வார்னிஷ் விற்பவர் வேறு என்ன சொல்வார்? உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே வார்னிஷ் அடித்தால் ஈரம் வெளியேற வழியே இல்லை. மைதா பசைதான் பூசணத்துக்குச் சாப்பாடு. மூன்று நான்கு அடுக்கு ஒட்டியதும் நன்றாகக் காயவிட்டு, அப்புறம் அடுத்தது. தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள், மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும். அடுத்தடுத்த நாள் வெயிலில் வைத்துத் தராசில் நிறுங்கள்; எடை குறைந்துகொண்டே வந்தால் உள்ளே இன்னும் ஈரம். ஒட்டுகிற வேலை ஆவணிக்குள் முடியட்டும்.

பூசணத்தைத் தடுக்க, பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேருங்கள். விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. அலுமினியப் பாத்திரத்தை அரித்துவிடும், மண்சட்டி நல்லது. உள்ளே கட்டுக்கம்பி வைத்தால் துருக்கறை வெளியே வரும். மூங்கில் குச்சி போதும்.

துணி விஷயத்தில் ஒன்று. பருத்தி, பட்டு இரண்டும் பசையைக் குடிக்கும். பாலியெஸ்டர் குடிக்காது, காய்ந்ததும் விளிம்பு தூக்கிக்கொள்ளும். தையல்கடை மூட்டையில் பாதி அதுதான், பட்டு மாதிரியே மினுக்கும். ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றத்தோடு கரி பொடியானால் பட்டு. உருகிக் கெட்டி மணியாகச் சுருண்டால் பாலியெஸ்டர். அதை ஒட்டாதீர்கள், ஊசி நூலால் தைத்து மாட்டுங்கள்.

ஐயாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். புவிசார் குறியீடு ஒரு வட்டாரத்தின் பொருளுக்குத் தருவது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு உண்டு. நீங்களே கற்பனையில் செய்யும் உருவத்துக்கு யாராலும் வாங்கித் தர முடியாது. உங்களுக்குத் தேவை கைவினைஞர் அடையாள அட்டை. மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் துறை தருகிறது, கட்டணம் கிடையாது. அந்த விண்ணப்பத்தைச் சாதாரண மனுஷர் தனியாக நிரப்பும்படி வைத்திருந்தால் இந்தத் தரகர்களுக்கு என்ன வேலை? மூன்று மேசை அலைந்தவர்தான் அவர்களிடம் போய் விழுகிறார்.

இப்போது பூசணம் பிடித்த பொம்மைகளை வெளியில் வைத்து, நீங்கள் முகமூடி போட்டுக்கொண்டு துடைத்து, அடியில் கட்டைவிரல் அளவு ஓட்டை போட்டு வெயிலில் வையுங்கள். எடை குறைவது நின்ற பிறகு வார்னிஷ் அடிக்கலாம். அந்த ஓட்டையை மட்டும் மூடவேண்டாம்.