ரேடியோக்காரருக்காக அழுதது தப்பா, மேடம்?

அன்புள்ள மேடம்,

எனக்கு 58 வயது, ஹூஸ்டனில் ஒரு லேபில் வேலை. 1993இல் வந்த புதிதில், கூட வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து அரட்டை அடிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் வராது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விடுவேன். ரேடியோவில் ரஷ் லிம்பா, வலதுசாரி அரசியல் பேசும் பிரபல ரேடியோக்காரர், பேசிக்கொண்டிருப்பார். கையிலிருக்கும் பேப்பரை மைக் பக்கத்திலேயே சலசலக்க விடுவார், மேஜையைத் தட்டுவார், ஒரு வார்த்தைக்கு முன்னால் நிறுத்திக் காக்க வைப்பார். பதில் சொல்ல வேண்டியதில்லாத இங்கிலீஷ், அது எனக்கு எவ்வளவு நிம்மதி! வரியைக் குறை, அரசாங்கத்திடம் கையேந்தாதே என்பார். ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த என் அப்பாவும் இதையேதான் சொல்வார்.

2021 பிப்ரவரி 17, டெக்சாஸ் பனிப்புயல் வாரம். கரண்ட் இல்லாமல் நானும் மகனும் வாசலில் காரை ஓடவிட்டு, ஹீட்டர் போட்டு, போனை சார்ஜ் செய்துகொண்டிருந்தோம். 11 மணிக்கு ரேடியோவில் லிம்பா குரலுக்குப் பதில் அவர் மனைவி கேத்ரின் பேசினார்: நுரையீரல் புற்றுநோயால் காலையில் இறந்துவிட்டார். வயது 70. ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதுவிட்டேன். மகன், "நம்மள மாதிரி ஆளுங்களையே கேலி பண்ணவருக்காகவாப்பா அழறீங்க?" என்றான்.

அவன் சொல்வது 2011இல் சீன அதிபர் ஹூ ஜின்டாவ் பேசுவதுபோல் அவர் உளறிக் காட்டியதை. அன்று எனக்கே வாயெல்லாம் கசந்து ரேடியோவை அணைத்தேன், மறுநாள் மறுபடி போட்டேன். ஆனால் மகனிடம் அதைச் சொல்லாமல், 2020இல் அவருக்குக் கிடைத்த அமெரிக்க அரசின் சுதந்திரப் பதக்கத்தையெல்லாம் எடுத்துவைத்து வாதாடினேன். இப்போது சரியாகப் பேச்சில்லை. ஜூன் வரை பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜூன் 21 அன்று அந்த நேரத்துக்குப் புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். அன்றுதான் நிஜமாகவே செத்துப்போனார் போலிருந்தது. இப்போதும் மத்தியானம் காரில்தான் சாப்பிடுகிறேன், ரேடியோ போடாமல். நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அரசியல் பேசாமல் பதில் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள சார்,

அரசியல் வேண்டாம் என்றீர்கள், ஒரே ஒரு வரி மட்டும்: எனக்கு அவரைப் பிடிக்காது. எய்ட்ஸில் செத்தவர்களை வைத்து ஒரு காலத்தில் அவர் செய்த கேலியை என்னால் தாண்டிப் போக முடிந்ததில்லை. இதைச் சொல்லிவிட்டே சொல்கிறேன், நீங்கள் அழுததில் ஒரு தப்பும் இல்லை.

வாரத்தில் 5 நாள், நாளுக்கு 3 மணி நேரம், 1988இலிருந்து நாடு முழுக்கப் பேசியவர். அதில் 28 வருஷம் நீங்கள் சாப்பிடும்போது கூடவே இருந்திருக்கிறார், சொந்தத் தம்பியோடுகூட அவ்வளவு சாப்பாடு சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். ஒலிபரப்பில் வருகிறவரோடு இப்படி ஒருதலையாக நெருக்கம் வளர்வதைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956லேயே எழுதிவிட்டார்கள். ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் உள்ளேயே தங்கிவிடும் என்று துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த கென்னத் டோகா 1989இல் எழுதினார். உங்களுக்கு இரண்டும் சேர்ந்துகொண்டது. போதாக்குறைக்கு, செத்தவர் குரலை நாலு மாசம் காற்றில் விட்டுக்கொண்டிருந்தால் மனசு எப்படி ஒப்புக்கொள்ளும்? ஜூனில் உடைந்தது எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் வீட்டில் நீங்கள் பார்த்தது வக்கீல் வேலை, சார். துக்கப்பட வேண்டுமென்றால் அவர் நல்லவர் என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என யாரோ சொன்னது மாதிரி. மகன் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கு உங்களிடம் ஒரு பதிலும் இருக்கிறது, 2011இல் ரேடியோவை அணைத்தீர்களே, அது. முகம் தெரியாத எனக்கு எழுதினீர்கள், அவனிடம் சொல்லவில்லை. மறுநாள் மறுபடி போட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள், அதை மறைத்தால் திரும்பவும் வக்கீல் ஆகிவிடுவீர்கள். பதக்கத்தை விடுங்கள். 1993இல் அவன் பிறக்கவே இல்லை. இங்கிலீஷ் வராமல் காரில் ஒளிந்து சாப்பிட்ட அப்பாவை அவனுக்குத் தெரியாது.

தூக்கமும் பசியும் சேர்ந்து குறைந்தால் டாக்டரைப் பாருங்கள். மற்றபடி காரில் சாப்பிடுவதை உடனே விட வேண்டும் என்றில்லை. வாரத்தில் ஒருநாள் மட்டும் டிபன் பாக்ஸோடு உள்ளே போய் உட்காருங்கள், இப்போதுதான் இங்கிலீஷ் வருமே.

அப்புறம் ஒன்று. இவ்வளவு எழுதியதில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.