திருநெல்வேலியில் வீட்டுத் தோட்டத்தில் டாஃபடில் வளர்க்க முடியுமா? எப்படிப் பராமரிப்பது?

பூக்க வைக்கலாம். ஆனால் கிழங்கை ஊன்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் மட்டும் நம்ம ஊரில் பூத்துவிடாது. டாஃபடிலுக்கு உரத்தைவிடக் குளிர்தான் முக்கியம். பூமொட்டு கிழங்குக்குள் முன்கூட்டியே உருவாகிவிடும். அது தண்டோடு நீண்டு வெளியே வர, 12 முதல் 15 வாரம் 9 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். பாளையங்கோட்டையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர் காணாத கிழங்கு வெறும் இலையை விட்டுவிட்டு நின்றுவிடும்.

அதனால் ஃப்ரிட்ஜ்தான் வழி. செப்டம்பர் கடைசியில், அமுக்கினால் கெட்டியாக இருக்கிற கனமான கிழங்குகளாகப் பார்த்து வாங்குங்கள். ஓட்டை போட்ட காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசர் வேண்டாம். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் எதுவும் இருக்கக் கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கிற மொட்டைக் கெடுத்துவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். டாஃபடில் கிழங்கு பார்வைக்கு அப்படியே பல்லாரி வெங்காயம்தான். அதே பழுப்புத் தோல், அதே கழுத்து, நறுக்கினால் உள்ளே அதே அடுக்கு. வெங்காய நெடி மட்டும் இருக்காது. அதில் லைகோரின் என்ற நச்சு உண்டு. சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு நிச்சயம். பைமேல் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அப்புறம் அடுப்படியில் புழங்குகிற அம்மாவிடமும் ஆச்சியிடமும் வாய்விட்டும் சொல்லிவிடுங்கள்.

ஜனவரி பிறந்து, மழை ஓய்ந்ததும் தொட்டியில் நடலாம். தரையில் வேண்டாம், அதுவும் கரிசல் மண்ணில் வேண்டவே வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக் கிழங்கை அழுகவைத்துவிடும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து, கூர்முனை மேலே பார்க்க ஊன்றுங்கள். காலை வெயில் படட்டும், உச்சி வெயில் படக் கூடாது. விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

பூ வாடியதும் இலையை வெட்டாமல் மஞ்சளாகும் வரை விடச் சொல்வார்கள். அடுத்த வருடப் பூவுக்கான சத்தை இலைதான் கிழங்கில் சேர்க்கும் என்பதால், குளிர் தேசத்துக்கு அது சரி. இங்கே பங்குனி வெயில் அதற்குள் இலையைக் காய்ச்சிவிடும், கிழங்கும் தேறாது. ஆகவே நெல்லையில் டாஃபடில் ஒரு பருவத்து விருந்தாளி. வருடாவருடம் புதுக் கிழங்கு வாங்கும் செலவுக்குத் தயாராக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

குளிரூட்டும் வேலை இல்லாமல் இதே இனத்தில் ஒன்று வேண்டுமென்றால் பேப்பர்வொயிட் நார்சிசஸ் வாங்குங்கள். கூழாங்கல்லில் நிறுத்தி, கிழங்கின் அடி தொடும் அளவுக்குத் தண்ணீர் விட்டாலே பூக்கும். வாசனை தூக்கலாக இருக்கும்.

என்னைக் கேட்டால், நம்ம மண்ணுக்கு மழை லில்லிதான். அதுவும் டாஃபடிலின் குடும்பமான அமரில்லிடேசியைச் சேர்ந்ததுதான். கோடை மழை ஒன்று அடித்துவிட்டுப் போனால், சில நாளில் வெள்ளையும் ரோஸுமாகத் தொட்டி நிறைந்துவிடும். வெயிலில் சாகாது, கிழங்கும் தானாகப் பெருகும். காசு கொடுத்து வாங்கக்கூட வேண்டாம். வளர்க்கிற வீட்டில் கேட்டால் ஒரு கொத்தைப் பிடுங்கித் தந்துவிடுவார்கள்.