தோளில் தசைநாண் இடமாற்றம்: யாருக்குப் பொருந்தும்?

கேள்வி: எனக்கு வயது 54. வலது தோளின் தசைநாண் கிழிந்து ஓராண்டாகிறது. இனித் தைக்க முடியாதாம். ஒரு மருத்துவர் தசைநாண் இடமாற்றம் என்கிறார், மற்றவர் செயற்கை மூட்டு என்கிறார். எனக்கு எது பொருந்தும்?

பதில்: கிழிந்த நாண் உள்ளிழுத்துக்கொண்டு, அதன் தசையில் பாதிக்கு மேல் கொழுப்பாகிவிட்டால், இழுத்துத் தைத்தாலும் பயனில்லை. அந்நிலையில் முதுகுத் தசையொன்றின் நாணைப் பிரித்து மேற்கை எலும்பின் தலையில் பொருத்துகிறோம். 1988-லேயே மருத்துவ இதழில் வெளியான முறை இது. புத்தம்புதிய அதிசயம் என்று தரகர் எவராவது சொன்னால், அவருக்குக் கிடைக்கும் கமிஷனை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வயது தடையில்லை. எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தேய்ந்திருந்தால் செயற்கை மூட்டு என்றவர் பக்கமே நியாயம். தேயவில்லையென்றால், முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை மருத்துவர் வெளிப்புறம் திருப்பிவிட்டுக் கையை எடுப்பார். அது அங்கே நிற்காமல் வயிற்றை நோக்கித் திரும்பிவிட்டால், இந்த அறுவை ஈடுசெய்யக்கூடிய குறை அதுதான். அடுத்து, உள்ளங்கையால் வயிற்றை அழுத்தச் சொல்வார். மணிக்கட்டு மடங்கி முழங்கை பின்னால் போனால், முன்பக்க நாணும் பழுதென்று பொருள், முதுகுத் தசையை மாற்றுவதால் நல்ல பலன் கிடைப்பது அரிது. தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையும் உயிரோடிருக்க வேண்டும்.

கையைத் தோள் மட்டத்துக்குக் கூடத் தூக்க முடியாதவர்களுக்கு இது பொதுவாக ஒத்துவராது. ஆனால் தசை செயலிழந்ததால் தூக்க முடியாததும், வலியால் தூக்க முடியாததும் ஒன்றல்ல. தோளுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டு, சில நிமிடம் பொறுத்து மீண்டும் தூக்கச் சொன்னால் வேறுபாடு தெரிந்துவிடும்: வலி அடங்கியதும் கை மேலே போனால், தடுத்தது வலியே, அவரை இச்சிகிச்சையிலிருந்து ஒதுக்கத் தேவையில்லை. ஒரு ஊசியும் கொஞ்சம் பொறுமையும் போதும் இதற்கு. ஆனால் சட்டையைக் கூடக் கழற்றச் சொல்லாமல் எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படித்து அறுவைக்கு நாள் குறிக்கும் அவசரத்தில் அந்தப் பொறுமைக்கு இடமேது?

அறுவைக்குப் பின் சுமார் 6 வாரம் கையைத் தாங்கியில் வைத்திருந்து, பிறகு பல மாதம் இயன்முறைப் பயிற்சி செய்து, முதுகுத் தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும். அதற்கு உங்களால் விடுப்பு எடுக்க முடியுமா என்பதை நாள் குறிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.