பிள்ளை பார்க்கிற காசுக்கு வரி: ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருக்கா சுருக்கிச் சொல்கிறேன், இதே நிலையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் விளங்கட்டும். 2024 ஓகஸ்டில் குடும்பமாகக் கனடாவுக்கு வந்திருக்கிறீர்கள். உங்கட கணவருக்கு வெயர்ஹவுஸில் வேலை. வருடம் 45,000 டொலர் அளவு சம்பளம், வரி பிடித்த பிறகுதான் கைக்கு வருகிறது. உங்களுக்கு ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். 2025 தை தொடக்கம் பேஸ்மென்ற் வீட்டில் வைத்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை, ஆளுக்கு மாதம் 700 டொலர்படி பார்க்கிறீர்கள். காசு கையில் வருகிறது. இப்போது ஒரு தாய், "ரிசீட் தாங்கோ, அதில உங்கட சின் நம்பரும் இருக்கோணும்" என்று கேட்கிறா. "குடுத்தால் பிடிபடுவாய், பிள்ளைக்காசையும் வெட்டிப்போடுவாங்கள்" என்று தெரிந்தவர்கள் பயப்படுத்துகிறார்கள். (சின் நம்பர் என்பது வேலைக்கும் வரிக்கும் அரசு ஆளுக்காள் தருகிற இலக்கம்; பிள்ளைக்காசு என்பது பிள்ளைகளை வளர்க்க அரசு பெற்றாருக்கு மாதம் மாதம் தருகிற காசு.) ரிசீட் கொடுக்கலாமா, காசை வரிக்கணக்கில் காட்டத்தான் வேணுமா?

கொடுங்கோ. காட்டுங்கோ. பிள்ளைக்காசு குறையும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. எவ்வளவு குறையும், குறைந்தும் ஏன் காட்டச் சொல்கிறேன் என்பதை இலக்கத்தோடு சொல்கிறேன்.

நானும் உங்களைப் போலத்தான் தொடங்கினேன். 2003இல் எக்ளின்ரன் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ற். மூன்று பிள்ளைகளைப் பார்த்தேன். "கைக்காசுதானே, யாருக்குத் தெரியும்" என்றார்கள், நானும் காட்டவில்லை. ஒரு பிள்ளையின் தாய் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவ. அவ எனக்குத் தந்த காசைத் தன்ர வரிக்கணக்கில் கழித்திருக்கிறா. அடுத்த வருடம் வரித் திணைக்களத்திலிருந்து அவவுக்குக் கடிதம், "பற்றுச்சீட்டை அனுப்பு" என்று. அந்தக் கடிதத்தோடு என் வாசலில் வந்து நின்றா. என் நம்பரைக் கொடுக்கப் பயந்து நான் முழுசினேன். அவவுக்குக் கிடைத்த கழிவைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். இரவு முழுக்க நின்று உழைத்த ஒரு மனுசியின் காசு என்னால் போனது. அதற்குப் பிறகுதான் போய் இரண்டு வருடக் கணக்கையும் திருத்திக் கொடுத்தேன். தண்டமும் வட்டியும் கட்டினேன். இன்றைக்கும் அந்த வாசல் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தத் தாயின் பக்கத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கோ. வேலைக்குப் போவதற்காகப் பிள்ளையைப் பார்க்கக் கொடுக்கிற காசை, ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வருடம் 8,000 டொலர் வரைக்கும், ஏழிலிருந்து பதினாறு வரை 5,000 டொலர் வரைக்கும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். ரி778 என்ற படிவத்தில் போடுவார்கள். பொதுவாகக் கணவன் மனைவி இரண்டு பேரில் வருமானம் குறைந்தவர்தான் கழிக்க வேணும். பார்க்கிறவர் தனி ஆள் என்றால் பற்றுச்சீட்டில் அவருடைய சின் இலக்கம் இருக்க வேணும். அவ உங்களுக்கு வருடம் 8,400 டொலர் தருகிறா. அதில் 8,000 அவவுடைய கழிவு. எங்கட மாகாணமான ஒன்ராறியோவின் சட்டத்திலும், லைசன்ஸ் இல்லாமல் வீட்டில் பிள்ளை பார்க்கிறவர், பெற்றார் கேட்டால் பற்றுச்சீட்டு இலவசமாகக் கொடுக்க வேணும். அவ கேட்டது சலுகை இல்லை, உரிமை.

இனி உங்கட கணக்கு. மாதம் 1,400, வருடம் 16,800 டொலர். இது உங்களுடைய சொந்தத் தொழில் வருமானம்; சம்பளம் இல்லை. ரி2125 என்ற படிவத்தில் வரவையும் செலவையும் எழுதி மிஞ்சுவதைத்தான் வருமானமாகக் காட்டுவீர்கள். 16,800க்கும் வரி என்று பயப்படுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

பேஸ்மென்ற் வாடகை மாதம் 1,900 என்று எழுதியிருந்தீர்கள், வருடத்துக்கு 22,800. பிள்ளைகள் புழங்குகிற ஹோல், சாப்பிடுகிற இடம், அவர்கள் தூங்குகிற மூலை எல்லாம் சேர்த்து வீட்டில் நூற்றுக்கு நாற்பது பங்கு என்று வைப்போம். அதே இடத்தில் பின்னேரம் உங்கட குடும்பமும் இருக்கிறபடியால் மணித்தியாலக் கணக்கும் பார்க்க வேணும்: நாளுக்கு 24 மணித்தியாலத்தில் 9. கிழமைக்கு ஏழு நாளில் ஐந்து. 22,800இல் நாற்பது வீதம் 9,120. அதை 24ஆல் பிரித்து 9ஆல் பெருக்க 3,420. அதில் ஏழுக்கு ஐந்து பங்கு 2,440 டொலர் சொச்சம். இது உங்கட தொழில் செலவு. ஒரு நிபந்தனை இருக்கிறது: வீட்டுச் செலவைக் காட்டித் தொழிலில் நட்டம் காட்ட ஏலாது. அதோடு அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பால், பழம், மத்தியானச் சாப்பாடு, கலர் பென்சில், விளையாட்டுச் சாமான். உங்கட பிள்ளைகள் சாப்பிட்ட பங்கைச் சேர்க்கக்கூடாது. ஒரே பில்லில் வாங்கியிருந்தால் நேர்மையாகப் பிரித்து எழுதுங்கோ. அது ஒரு 860 டொலர் வந்தால் மொத்தச் செலவு 3,300. மிச்சம் 13,500.

வீட்டுக்காரர் வாடகையைக் கைக்காசாக வாங்கிக்கொண்டு துண்டு தரமாட்டேன் என்பார். கேட்டு வாங்குங்கோ, ஒன்ராறியோவில் வாடகைக்கு இருக்கிறவர் கேட்டால் பற்றுச்சீட்டு இலவசமாகக் கொடுக்க வேணும் என்பது சட்டம். முடிந்தால் ஈ-ட்ரான்ஸ்பரில் அனுப்புங்கோ, பதிவு தானாக நிற்கும்.

13,500க்கு என்ன வரும்? உங்கட பெயரில் வருமான வரி ஒரு சதமும் வராது. 2025க்கு 16,129 டொலர் வரைக்கும் மத்திய அரசு வரி இல்லை. ஒன்ராறியோ வரி கொஞ்சம் தலை காட்டினாலும் குறைந்த வருமானக்காரருக்கான கழிவில் அடிபட்டுப் போகும். நீங்கள் கட்ட வேண்டியது சி.பி.பி, அதாவது ஓய்வூதியப் பங்களிப்பு. சம்பளக்காரருக்குப் பாதியை முதலாளி கட்டுவார்; உங்களுக்கு முதலாளியும் நீங்களே, அதனால் இரண்டு பாதியும் சேர்த்து 11.9 வீதம். முதல் 3,500 டொலருக்கு இல்லை. மிச்சம் 10,000க்கு 1,190 டொலர். சி.பி.பியில் ஒரு பகுதி வருமானத்திலிருந்து கழிபட்டு, உங்கட நிகர வருமானம் 12,800 அளவில் வந்து நிற்கும்.

உண்மையாக நோகிற இடம் உங்கட கணவருடைய கணக்கு. உங்களுக்கு வருமானமே இல்லை என்றால் அவர் துணைக்கான கழிவு முழுக்க எடுப்பார். நீங்கள் 12,800 காட்டினால் அந்தக் கழிவு அந்த அளவுக்குச் சுருங்கும். மத்திய அரசுப் பக்கம் 1,850 டொலர் அளவு, ஒன்ராறியோப் பக்கம் 500 சொச்சம் அவருக்கு வரி கூடுதலாக வரும், அல்லது திரும்பி வருகிற காசில் குறையும். பிறகு மத்திய அரசின் பிள்ளைக்காசு. இரண்டு பிள்ளை உள்ள, உங்களைப் போன்ற வருமானக் குடும்பத்துக்கு, கூடுகிற ஒவ்வொரு 100 டொலருக்கும் 13.50 டொலர் குறைப்பார்கள். 12,800க்கு வருடம் 1,700 டொலர் அளவு. அதுவும் உடனே இல்லை. 2025 வருமானம் 2026 ஆடியிலிருந்துதான் பிள்ளைக்காசில் தெரியும்.

எல்லாம் கூட்டினால் 5,000 டொலரைத் தாண்டும். கையில் வந்த 16,800இல் அது சின்னக் காசு இல்லை. ஏன் சனம் ஒளிக்கிறது என்று எனக்கு விளங்கும். செலவுத் துண்டுகளைத் தொலைத்துவிட்டு 16,800ஐயும் அப்படியே காட்டினால் இன்னும் 1,200 டொலர் வீணாகப் போகும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கோ. ஒரு சப்பாத்துப் பெட்டி போதும், மாதம் மாதம் துண்டுகளை அதற்குள் போடுங்கோ. ஆறு வருடம் வைத்திருக்க வேணும்.

ஒளித்தால் என்ன நடக்கும்? அந்தத் தாய் காசைக் கழித்துவிட்டு நீங்கள் காட்டாமல் விட்டால், அவவுடைய பேப்பரில் உங்கட இலக்கம் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்ப்பது வரித் திணைக்களத்துக்குப் பெரிய வேலை இல்லை. வேணுமென்றே மறைத்தது என்று தீர்மானித்தால், மறைத்த வரியில் பாதியைத் தண்டமாகப் போடலாம். கூட வாங்கின பிள்ளைக்காசை, பின்னுக்கு வருகிற பிள்ளைக்காசிலிருந்தே பிடிப்பார்கள். வாடகைக்கும் பாலுக்கும் அந்தக் காசை நம்பியிருக்கிற குடும்பத்துக்கு அது மிக மோசமான அடி.

காட்டினவருக்குக் கிடைப்பதையும் சொல்ல வேணும். எனக்கு இப்போது 61 வயது. பதினைந்து வருடம் பிள்ளை பார்த்துக் கட்டின சி.பி.பி என் பெயரில் நிற்கிறது. என் கணவருடைய ஓய்வூதியத்தில் பங்கு கேட்கத் தேவையில்லை. அம்மாவை சூப்பர் விசாவில், அதாவது பெற்றார் நீண்ட காலம் வந்து தங்குகிற விசாவில், கூப்பிட்டபோது அவருடைய சம்பளம் மட்டும் போதாமல் இருந்தது. வருடா வருடம் வரித் திணைக்களம் அனுப்புகிற அசெஸ்மென்ற் கடிதத்தில் என் வருமானமும் இருந்தபடியால்தான் கணக்கு ஒத்து வந்தது. அம்மா அப்பாவை நிரந்தரமாக ஸ்பொன்சர் பண்ண மூன்று வருட அசெஸ்மென்ற் கேட்பார்கள். வீடு வாங்க வங்கிக்குப் போனாலும் முதலில் கேட்பது அதே கடிதம்தான். வருடக் கணக்காகக் கைக்காசு உழைத்தும் பேப்பரில் பூச்சியமாக நின்ற ஒரு சினேகிதி, அம்மாவைக் கூப்பிட முடியாமல் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரியை அறவிட வேண்டாம். பதினான்கு வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற வேலைக்கு அந்த வரி இல்லை. சொந்தத் தொழில் என்றபடியால் உங்களுக்கும் உங்கட கணவருக்கும் வரிக்கணக்கைப் பைல் பண்ண யூன் 15 வரை நாள் உண்டு. ஆனால் கட்ட வேண்டிய காசுக்கு ஏப்ரல் 30தான் கடைசி; அடுத்த நாளே வட்டி ஓடத் தொடங்கும். பிந்திப் பைல் பண்ணினால் கட்ட வேண்டியதில் 5 வீதம் தண்டம், மாதத்துக்கு இன்னும் ஒரு வீதம். இரண்டு பேரும் பைல் பண்ணாவிட்டால் பிள்ளைக்காசு நின்றுவிடும், வருமானமே இல்லாத வருடத்திலும் கூட.

யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து வருகிற வாடகையும் இங்கே காட்ட வேண்டியதுதான். கனடாவில் குடியிருக்கத் தொடங்கின நாளிலிருந்து உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் காட்ட வேணும். இலங்கையில் அதற்கு வரி கட்டியிருந்தால் இங்கே கழிவு கேட்கலாம்.

மாமியார் பேரப்பிள்ளையைப் பார்க்க, மகள் காசு கொடுத்துக் கழிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கழிக்கலாம், பிள்ளையின் தாய் தகப்பனுக்கும், பதினெட்டு வயதுக்குக் குறைந்த உறவுக்காரருக்கும் கொடுத்ததைக் கழிக்க ஏலாது. மாமி அதைத் தன்ர வருமானமாகக் காட்ட வேணும்.

மூன்றாவது குடும்பம் "எங்கட வீட்டுக்கு வந்து பாருங்கோ" என்று கேட்கிறது என்றீர்கள். அது வேறு கணக்கு. அவர்கள் வீட்டில், அவர்கள் சொல்கிற நேரத்துக்கு, அவர்கள் சொல்கிறபடி வேலை என்றால் நீங்கள் அவர்களின் வேலையாள் ஆகலாம். அப்போது அவர்கள் சி.பி.பியும், ஈ.ஐ என்ற வேலையில்லாக் காப்புறுதியும் பிடித்து, ரி4 என்ற சம்பளத் துண்டு தர வேணும். இதைப் பேசித் தீர்க்காமல் ஒப்புக்கொள்ளாதேங்கோ. உங்கட வீட்டிலேயே பார்க்கிறதென்றால், லைசன்ஸ் இல்லாமல் பதின்மூன்று வயதுக்குக் குறைந்த ஐந்து பிள்ளைகளுக்கு மேல் ஏலாது; இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் ஏலாது. உங்கட மூன்று வயதுக் குட்டியும் அந்த ஐந்துக்குள் ஒருவர். லைசன்ஸ் இல்லை என்பதைப் பெற்றாருக்கு எழுத்தில் கொடுக்கவும் வேணும்.

வரிக்கணக்கைச் செய்யக் கொடுக்கிற இடத்தில் ஒன்றைக் கவனியுங்கோ. முதல் தடவை நான் போன இடத்தில், ஒரு துண்டும் பார்க்காமல், செலவு என்று வட்டமான ஒரு தொகையைத் தாங்களாகவே எழுதினார்கள். பிறகு கேள்வி வந்தபோது பதில் சொல்ல வேண்டியிருந்தது நான்தான். பைல் பண்ண முன்னம் எல்லாப் பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கோ. விளங்காத இலக்கத்துக்குக் கையெழுத்துப் போடாதேங்கோ.

அந்தத் தாய்க்கு இந்தக் கிழமையே எழுதிக் கொடுங்கோ. அவவுடைய பெயர், பிள்ளையின் பெயர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பார்த்தீர்கள், வாங்கின மொத்தக் காசு, உங்கட பெயர், விலாசம், சின் இலக்கம், திகதி, கையெழுத்து. ஒரு வெள்ளைத் தாள் போதும். ஒரு பிரதியைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மற்றத் தாய்க்கும் அவ கேட்க முன்னமே ஒன்று எழுதி வையுங்கோ.