எந்த மெக்சிக்கோ?

போன இதழில், நியூயோர்க் உணவகக் குசினிகளில் நான் வேலை செய்த காலத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். கூட நின்று சமைத்தவர்கள் பெரும்பாலும் மெக்சிக்கோக்காரர் என்று அதில் ஒரு வரி வரும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பொத்துவில் முதல் வாழைச்சேனை வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. என் மனதுக்கு நெருக்கமான விஷயம். இம்முறைப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: அறுகம்பையில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். சீசனில் டாக்கோவும் போடுவோம். மொறுமொறு ஓட்டுக்குள் அரைத்த மாட்டிறைச்சி, சலாது இலை, சீஸ், போத்தல் சோஸ். கலிபோர்னியாவில் பிறந்த மெக்சிக்கோ வம்சத்துப் பையன் ஒருவன், தன் அம்மா சமைப்பது போலவே இருக்கிறது என்று திரும்பவும் வாங்கிச் சாப்பிட்டான். அடுத்த கிழமை மெக்சிக்கோ நகரத்துப் பெண் ஒருவர் ஒரு கடி கடித்துவிட்டு, "இது எங்கள் சாப்பாடு இல்லை" என்று தட்டை ஒதுக்கிவிட்டார். யார் சொல்வது சரி?
— வாசகர், பொத்துவில்

பதில்: இரண்டு பேரும் தங்கள் தங்கள் வீட்டைத்தான் சொன்னார்கள், தம்பி. 1848 வரைக்கும் கலிபோர்னியா மெக்சிக்கோவின் நிலம். அமெரிக்காவோடு நடந்த போரில் தோற்ற பிறகு, குவாதலூப்பே இதால்கோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தோடு அது கைமாறியது. முன்னமே பிரிந்துபோன டெக்சாஸையும் சேர்த்துப் பார்த்தால் மெக்சிக்கோ தன் நிலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. அங்கிருந்த சனம் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மாறிவிட்டது. பிறகு வேலை தேடிப் போனவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். அங்கே கிடைத்த கோதுமை மா, மாட்டிறைச்சி, மஞ்சள் சீஸ் எல்லாவற்றையும் வைத்துச் சமைத்துச் சமைத்து அதுவே அவர்களுக்கு அம்மா கைச் சாப்பாடாகிவிட்டது. அந்தப் பையன் சொன்னது முழு உண்மை.

மெக்சிக்கோ நகரத்துப் பெண்ணுக்கோ டாக்கோ என்றால் உள்ளங்கை அளவான சோள ரொட்டி. தோர்த்தியா என்பார்கள். மெதுமெதுவென்று, கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு வரவேண்டும். அதன் மேல் இறைச்சி, பொடியாக வெட்டிய வெங்காயம், கொத்தமல்லி இலை, அரைத்த மிளகாய்ச் சட்னி, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. சீஸ் இல்லை, சலாது இல்லை. உலகம் முழுக்க அந்த மொறுமொறு ஓட்டைத்தான் மெக்சிக்கோ என்று நம்பிக்கொண்டிருந்தால், தன் ஊர்ச் சமையல் மறைந்துபோகிறதே என்று அவருக்கு மனம் நோகத்தானே செய்யும்?

ஆனால் அவரையே வடக்கே சொனோரா மாநிலத்துக்குக் கூட்டிப்போனால் அங்கே கோதுமை ரொட்டிதான் ராஜா. மெல்லிசாக, பெரிதாக, கையை விரித்துத் தட்டிப் போடுவார்கள். தெற்கே யுக்கத்தானில் மாயா மக்கள் இறைச்சிக்கு மசாலா தடவி, வாழையிலையில் சுற்றி, மண்ணில் குழி தோண்டி வேகவைக்கிறார்கள். வஹாக்காவில் வெட்டுக்கிளியை வறுத்து உப்பும் தேசிக்காயும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். இவர்களில் யாரைப் பார்த்து, நீ மெக்சிக்கோக்காரன் இல்லை என்று சொல்ல முடியும்? பொரித்த சோள ரொட்டித் துண்டில் சீஸ் உருக்கிப் போடுகிற நாச்சோஸ் இருக்கிறதே, அது 1940களில் எல்லையோரத்துப் பியெத்ராஸ் நேக்ராஸ் நகரில் பிறந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அமெரிக்கப் பெண்களுக்காக இக்னாசியோ அனாயா என்ற மெக்சிக்கோக்காரர், கையில் கிடைத்ததை வைத்துச் செய்து கொடுத்தது. இதை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவது?

உங்கள் கடைக்கு என் யோசனை இதுதான். இப்போது போடுவதை நிறுத்த வேண்டாம். பலகையில் "கலிபோர்னியா முறை" என்று எழுதிவிடுங்கள். பக்கத்தில் மீன் டாக்கோ ஒன்று சேருங்கள். பாஹா கலிபோர்னியாவின் எஞ்செனாடா துறைமுகத்துக்கே பேர்போன சாப்பாடு அது. மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, மெல்லிசாக அரிந்த கோவா, ஒரு வெள்ளை சோஸ், தேசிக்காய். பொத்துவில் கரையில் காலையில் இறங்கும் மீன் கையில் இருக்கும்போது போத்தல் சோஸை நம்பியிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

இன்னொன்று. மே 5-ஆம் திகதி கடையில் காகிதக் கொடி கட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது 1862-இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். அமெரிக்காவில் பெரிதாகக் கொண்டாடுவார்கள். மெக்சிக்கோவில் புவெப்லாவுக்கு வெளியே அவ்வளவு ஆரவாரம் கிடையாது. அவர்களுடைய சுதந்திர தினம் செப்டம்பர் 16. அது உங்கள் சீசனுக்குள்தானே வருகிறது, அன்றைக்கும் கட்டுங்கள்.

கேள்வி: நம்முடைய கொச்சிக்காய் மெக்சிக்கோவிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?
— மாணவி, அக்கரைப்பற்று

பதில்: உண்மைதான் மகள். நாம் உலர்த்தி இடிக்கிற கொச்சிக்காயின் பூர்வீகம் மெக்சிக்கோ. போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. தக்காளியும் பப்பாசியும் அந்தப் பக்கத்துச் சரக்கே. இங்கிருந்து அங்கே போனதும் உண்டு. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மாங்காயும் தேங்காயும் அந்தக் கப்பல்களில் ஏறின. பிலிப்பைன்ஸ் மாலுமிகள் கள்ளு இறக்கும் வித்தையையும் கொண்டுபோனார்கள். கொலிமா மாநிலத்தில் இன்றைக்கும் அந்த இனிப்புத் தென்னங்கள்ளைத் தெருவில் விற்கிறார்கள், மேலே நிலக்கடலை போட்டு. அப்புறம், மெக்சிக்கோத் தெருக்களில் மாங்காயைக் கீறி உப்பு, மிளகாய்த்தூள், தேசிக்காய் போட்டுத் தருவார்கள். கல்லடிக் கடற்கரையில் நீங்கள் வாங்கித் தின்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கேள்வி: எங்கள் சேனையில் சோளன் போடுகிறோம். காய்ந்த சோளனை மில்லில் அரைத்து மெக்சிக்கோ ரொட்டி தட்டிப் பார்த்தேன். தட்டும்போதே உடைந்துபோகிறது. அவர்கள் எப்படித் தட்டுகிறார்கள்?
— வாசகி, வவுணதீவு

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழும்பி நின்றுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். நீங்கள் விட்டது ஒரே ஒரு சாமான்: சுண்ணாம்பு.

காய்ந்த சோளன் மணி ஒரு கிலோவுக்கு வெத்திலைச் சுண்ணாம்பு இரண்டு தேக்கரண்டி அளவு எடுங்கள். வாசனை, நிறம் எதுவும் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்கவேண்டும். மூன்று லீற்றர் தண்ணீரில் கரைத்து, சோளனைப் போட்டு மெல்லிய நெருப்பில் வையுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். முக்கால் மணித்தியாலம் போல வெந்ததும் ஒரு மணியை எடுத்து விரலால் தேயுங்கள். தோல் வழுக்கிக்கொண்டு கழன்றால் போதும், நடுவில் கொஞ்சம் கடினம் இருக்கத்தான் வேண்டும். இறக்கி, மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். விடியற்காலை தண்ணீர் மஞ்சளாகி, ஈர மண் வாசம் போல ஒன்று வரும். நன்றாகக் கசக்கிக் கழுவி, ஈரத்தோடு அம்மியில் அரையுங்கள். கிரைண்டரும் சரிதான், தண்ணீர் மட்டும் கூடிவிடக்கூடாது. அந்த மா கையில் ஒட்டாமல் திரண்டு வரும். உருட்டி, பொலித்தீன் தாள் இரண்டுக்கு நடுவே வைத்து அமத்தி, சூடான ரொட்டிக்கல்லில் போட்டால் உடையாது. நல்ல மா என்றால் திருப்பிப் போட்டதும் உப்பி எழும்பும்.

ஒரு எச்சரிக்கை. விதைக்கென்று வாங்கிய சோளனைத் தொடவே கூடாது. அதற்கு மருந்து பூசியிருப்பார்கள்.

சுண்ணாம்பு சேர்ப்பது ரொட்டி உடையாமல் இருக்க மட்டுமில்லை. சோளனுக்குள் பூட்டிக் கிடக்கிற நியாசின் என்ற உயிர்ச்சத்தை அதுதான் உடம்புக்குத் திறந்துவிடுகிறது. ஐரோப்பியர் சோளனைக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை. சோளனை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு வட இத்தாலியிலும், பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பெலாக்ரா என்ற நோய் வந்தது. தோல் உரிந்து, புத்தி தடுமாறிச் செத்தவர்கள் ஏராளம். மெக்சிக்கோவின் கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த அறிவு அது. அங்கே சோளனைக் காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கி ஏறக்குறைய 9,000 வருடம் ஆகிறது. "சோளமில்லையேல் நாடில்லை" என்று அங்குள்ள விவசாயிகள் பதாகை தூக்கிக்கொண்டு வீதிக்கு வருவதை இதை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். 2010-இல் யுனெஸ்கோ மெக்சிக்கோச் சமையலை மனித குலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டபோதும் இந்தச் சோளப் பக்குவம் அதன் நடுவில் இருந்தது.

நம் பக்கத்துச் சோளனில் பெரும்பகுதி கோழித்தீனிக்குப் போகிறது. உங்கள் ரொட்டி சரியாக வந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஷவர்மா போலவே கம்பியில் இறைச்சி சுழலும் கடை மெக்சிக்கோவிலும் உண்டு என்கிறாள் மகள். அது அரபு நாட்டுச் சாப்பாடு இல்லையா? நாங்கள் சாப்பிடலாமா?
— வாசகி, காத்தான்குடி

பதில்: உங்கள் மகள் சொன்னது சரி சகோதரி. லெபனான் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் புவெப்லா நகரில் அதைத் தொடங்கினார்கள். முதலில் தடித்த கோதுமை ரொட்டியில் வைத்து "அரபு டாக்கோ" என்று விற்றார்கள். பிறகு அதே கம்பிக்கு மெக்சிக்கோ மிளகாய் மசாலா, சோள ரொட்டி, மேலே ஒரு துண்டு அன்னாசி என்று உள்ளூர்ச் சாமான்கள் வந்து சேர்ந்து "அல் பஸ்தோர்" ஆனது. என்னோடு வேலை செய்த புவெப்லாக்காரர்கள் இதைத் தங்கள் ஊரின் பெருமையாகவே பேசுவார்கள். குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், ஆகவே வழக்கமாக அதில் சுழல்வது பன்றி இறைச்சி. அது உங்களுக்கு ஆகாது. அவரைக் கூழிலும், சோள மாவுக்குள் இறைச்சி வைத்து அவிக்கும் தமாலிலும் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு, வெளிநாட்டில் சாப்பிடும்போது கேட்டே சாப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் கோழியில் அதே மசாலாவும் அன்னாசியும் போட்டுச் செய்தால் ஒரு குறையும் வராது.

கேள்வி: மெக்சிக்கோக்காரர் என்றால் ஸ்பானியரா, பழைய குடிகளா, கலப்பினமா? எதைத் தங்கள் அடையாளமாகச் சொல்கிறார்கள்?
— ஆசிரியர், களுவாஞ்சிகுடி

பதில்: சேர், ஆளைப் பொறுத்து. 1910-இல் தொடங்கிய புரட்சிக்குப் பிறகு அரசாங்கம் ஒரு கதையைக் கட்டியது: இரண்டு இரத்தமும் கலந்து பிறந்த புதிய மக்கள் நாம், நாமெல்லாரும் ஒன்று என்று. தியேகோ ரிவேரா போன்ற ஓவியர்கள் அரச கட்டடச் சுவர்களில் பூர்வகுடிகளின் பழைய பெருமையைப் பெரிதாக வரைந்தார்கள். கோடிக்கணக்கானோருக்கு அது தலை நிமிர்வைக் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே அரசின் கிராமத்துப் பாடசாலைகள் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் மட்டுமே சொல்லிக்கொடுத்தன. சுவரில் பூர்வகுடிக்கு மரியாதை, வகுப்பில் அவன் மொழிக்கு இடமில்லை.

எங்கள் குசினியில் மிஷ்தெக் என்ற பூர்வகுடி மொழி பேசும் ஒருவர் இருந்தார். தாயோடு தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் குளிர்பதன அறைக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசுவார். எங்கள் காதில் விழுந்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. கூட வேலை செய்த மற்ற மெக்சிக்கோக்காரர் கேட்டுச் சிரிப்பார்கள் என்றுதான் ஒளிந்து பேசினார். அவரிடம் எந்த ஊர் என்று கேட்டால் முதலில் கிராமத்தின் பெயர், பிறகு மாநிலம். மெக்சிக்கோ என்ற சொல்லை முதலாளி கேட்டால்தான் சொல்வார். இப்போது அந்த நாட்டுச் சட்டம் 68 பூர்வகுடி மொழிகளைத் தேசிய மொழிகளாக ஏற்கிறது. சட்டம் வந்ததும் சிரிப்பு நின்றுவிடுமா என்ன?

அதைவிட என்னை வருத்துவது கறுப்பு மெக்சிக்கோக்காரரின் கதை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்தவர்கள். கெரேரோ, வஹாக்கா கரையோரங்களிலும் வெராக்ரூஸிலும் வாழ்கிறார்கள். 1829-இல் அடிமை முறையை ஒழித்த சனாதிபதி விசெந்தே கெரேரோவே ஆபிரிக்க இரத்தம் உள்ளவர். ஆனாலும் 2019-இல்தான் அரசியலமைப்பு அவர்களை ஏற்றது. 2020 குடிசன மதிப்பீட்டில் 25 இலட்சம் பேர் தங்களை அப்படிப் பதிந்தார்கள். சொந்த நாட்டிலேயே அதிகாரிகள் வழிமறித்து, "மெக்சிக்கோக்காரன் என்றால் தேசிய கீதத்தைப் பாடு" என்று கேட்டதாக அவர்களில் பலர் சொல்லியிருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற நம் சனத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இவர்கள் எல்லாரிடமும் பொதுவாக நான் பார்த்தது குவாதலூப்பே மாதாவின் படம்தான். மாநிறத்து மாதா. கோயில் பக்கம் போகாதவர்கூட அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பார். 1810-இல் சுதந்திரப் போரைத் தொடங்கிய இதால்கோ பாதிரியார் அந்த மாதாவின் படம் போட்ட கொடியோடு புறப்பட்டார். 1966-இல் கலிபோர்னியாவில் தொழிற்சங்கத் தலைவர் சேசர் சாவேஸ் தோட்டத் தொழிலாளரை நடத்திக்கொண்டு போனபோதும் முன்னால் போனது அதே மாதாதான்.

கேள்வி: டொரொண்டோவில் பிறந்த என் பேரனுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. பிட்டும் கருவாட்டுக் குழம்பும் என்றால் உயிர். இங்கே வந்தபோது சொந்தக்காரப் பிள்ளைகள் "வெள்ளைக்காரன்" என்று கேலி செய்ய அழுதுவிட்டான். மெக்சிக்கோப் பிள்ளைகளுக்கும் இப்படியா?
— அம்மம்மா, ஆரையம்பதி

பதில்: அப்படியேதான் அக்கா. டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் ஒரு காலத்தில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளைப் பாடசாலையில் அடித்தார்கள். அடிவாங்கியவர்கள் வளர்ந்து, தங்கள் பிள்ளைக்கு அந்த வேதனை வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலமே பேசினார்கள். இன்று அந்தப் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, ஸ்பானிஷ் தெரியாத நீயெல்லாம் மெக்சிக்கோக்காரனா என்று கேட்கிறார்கள். பறித்தது ஒருவர், குற்றவாளி இன்னொருவர். எனக்கு இது தாங்க முடியாத அநியாயமாகப் படுகிறது.

மெக்சிக்கோவிலேயே பாருங்கள். 2020 கணக்கெடுப்பில் 230 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தங்களைப் பூர்வகுடி என்று சொன்னார்கள். பூர்வகுடி மொழி பேசுவோர் 73 இலட்சம்தான். மிச்சப் பேரை யாரும் பொய்யர் என்று தள்ளிவிடவில்லை.

உங்கள் பேரன் மட்டக்களப்புப் பிள்ளைதான். லொஸ் ஏஞ்சலிஸ் மெக்சிக்கோக் குடும்பங்களில் நத்தாருக்கு முதல் எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்து தமால் செய்வார்கள். சோள மாவைச் சோளத் தோலில் பூசி, இறைச்சி வைத்து, மடித்து, அடுக்கி அவிக்கும் வேலை. ஒரு முழு நாள் போய்விடும். பாட்டி ஸ்பானிஷில் சொல்வார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான், கை பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை அவன் வந்தால் கேலி செய்த பிள்ளைகளையும் சேர்த்துக் குசினிக்குள் கூப்பிடுங்கள். அவன் கையில் துருவலையைக் கொடுத்து, பிட்டுக்கு மாக் குழைக்க விட்டு, நீங்கள் தமிழிலேயே பேசிக்கொண்டிருங்கள். அவன் எந்த மொழியில் பதில் சொன்னாலும் திருத்தப் போகாதீர்கள்.