சைனிக் ரிசல்ட்டுக்குப் பிறகு பேசாத இரண்டு பையன்கள்

மறையூர் அக்கா, அமராவதிநகர் சைனிக் பள்ளி (ராணுவ அதிகாரியாகப் பிள்ளைகளைத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளி) ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் பக்கத்து வீட்டுப் பையன் தேறி உங்கள் மகன் தேறாததால் இரண்டு பேரும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஸ்கோர் கார்டை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். மொத்தம் 300-இல் கணக்குக்கே 150, கேள்விக்கு 3 மதிப்பெண், அதனால் நாலைந்து கணக்கு தவறினாலே வரிசையில் எங்கோ தள்ளிவிடும். அதோடு 67 சதவீத இடம் பள்ளி இருக்கும் மாநிலமான தமிழ்நாட்டுக்கு, உங்கள் மறையூர் போன்ற ஊர்களின் கேரளப் பிள்ளைகள் மீதியில்தான் மோத வேண்டும். இதையெல்லாம் சொல்லுங்கள், 'அவனைப் பார்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. தேறிய அந்தப் பையனுக்கும் மெடிக்கல், அதாவது உடல்தகுதிப் பரிசோதனை, பாக்கி இருக்கும், அவனும் பயந்துதான் கிடப்பான். அப்புறம், ஒன்பதாம் வகுப்புக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான், இப்போதே தினம் கொஞ்சம் ஆங்கிலம் வாசிக்க வையுங்கள்.