நெற்றி கொதித்துச் சிவந்தால் கிரீமை நிறுத்தலாமா?

கேள்வி: பிரிஸ்பேனில் முதியோருக்கான வீட்டுப் பராமரிப்பு வேலை செய்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு 74 வயது. இளமை முழுக்கக் கரும்புத் தோட்டத்து வெயிலில் கழித்தவர். அவருடைய வழுக்கைத் தலையிலும் நெற்றியிலும் இருக்கும் சொரசொரப்பான திட்டுகளுக்கு ‘எஃப்யூடிக்ஸ்’ கிரீமைக் காலை, மாலை இருவேளையும் 3 வாரம் தடவச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்று 9-ஆம் நாள். தலையெல்லாம் சிவந்துவிட்டது; எரிகிறது என்கிறார். முன்பு ஒன்றுமே இல்லாத இடங்களில்கூடத் திட்டுத் திட்டாகச் சிவப்பு. ‘ஒவ்வாமை போலிருக்கிறது, நிறுத்திவிடுங்கள்’ என்கிறார் அவருடைய மகள். நிறுத்தலாமா? கையுறை இல்லாமல் விரலாலேயே தடவிவருகிறேன், அதனால் ஏதும் வருமா? நான் 3 மாதக் கர்ப்பிணி.

பதில்: கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பார்த்துவிடுவோம். கர்ப்பிணிகள் இந்தக் கிரீமைத் தொடக்கூடாது. கையுறை போட்டுக்கொண்டும் வேண்டாம். மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொல்லி, தடவும் வேலையை இன்றே வேறொருவருக்கு மாற்றச் சொல்லுங்கள். இதுவரை தடவியதை நினைத்துப் பதறத் தேவையில்லை. விரல்நுனித் தோல் தடித்தது, காயமில்லாத தோல் வழியே உள்ளே போகும் மருந்தின் அளவு மிகச் சொற்பம். ஆனாலும் எத்தனை நாள், எப்படித் தடவினீர்கள் என்பதை உங்கள் மகப்பேறு டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாலூட்டும் காலத்துக்கும் இதே விதிதான்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், டியூபில் இருப்பது ஃப்ளூரோயுராசில். குடல் புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் கீமோதெரபி மருந்தேதான் இங்கே 5 சதவீதக் கிரீமாக வருகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹைடல்பெர்கரின் குழு 1957-இல் இதை அறிமுகப்படுத்தியது. உயிரணுக்கள் பயன்படுத்தும் யுராசில் என்ற மூலப்பொருளைப் போலவே வேடம் போட்டு உள்ளே நுழைந்து, டி.என்.ஏ. தயாரிப்புக்குத் தேவையான தைமிடின் உருவாவதைத் தடுத்துவிடும். வேகமாகப் பெருகும் உயிரணுதான் முதலில் மாட்டிக்கொள்ளும். வேறு புற்றுநோய்களுக்காக இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களின் முகத்திலிருந்த வெயில் திட்டுகள் சிவந்து, பொருக்குத் தட்டி, பிறகு மறைந்துபோனதை 1960-களின் தொடக்கத்தில் கவனித்தார்கள். கிரீமாகத் தடவும் யோசனை அங்கிருந்து வந்ததுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பது மட்டும்தான் அங்கே நடக்கிறது என்றால், நிறுத்தவேண்டாம். 9-ஆம் நாளில் சிவக்காமல் இருந்தால்தான் ‘சரியாகத் தடவுகிறார்களா?’ என்று கேட்கவேண்டியிருக்கும்.

அந்தத் திட்டுகளுக்கு சோலார் கெரடோசிஸ் என்று பெயர். ஆஸ்திரேலியர்கள் பேச்சில் சன்ஸ்பாட் என்பார்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும், உப்புத்தாளைத் தொட்டாற்போல இருக்கும். பல ஆண்டு வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு, தோலின் மேலடுக்கு உயிரணுக்களில் மரபணுப் பிழைகள் சேர்ந்துபோனதன் அடையாளம் அது. ஒரு தனித் திட்டு ஓராண்டுக்குள் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. பல திட்டுகள் தாமாகவே மறைந்தும் போகும். ஆனால் பெரியவரின் தலையில் இருப்பது ஒன்றிரண்டு இல்லை. திட்டுகளுக்கு நடுவே வழவழப்பாக, நல்ல தோல்போலத் தெரிகிற இடத்திலும் கெட்டுப்போன உயிரணுக்கள் பதுங்கியிருக்கும். ஒன்றிரண்டு திட்டு என்றால் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சி உறையவைத்துவிடலாம். தலை முழுக்க என்றால் பரப்பு முழுவதற்கும் வைத்தியம் செய்தால்தான் பலன். ‘ஒன்றுமே இல்லாத இடத்தில் சிவப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, பதுங்கியிருந்தவை அப்படித்தான் வெளியே தெரியவரும். எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சிவக்காமல் திட்டுத் திட்டாகச் சிவப்பதே மருந்து ஆளறிந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

நம் ஊரில் இந்த நோயை அதிகம் பார்த்திருக்கமாட்டீர்கள். நம் தோலின் கருமைதான் காரணம், அதிலுள்ள மெலனின் கதிரை வடிகட்டிவிடுகிறது. ஆனால் பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டு வெயிலிலும் இது இளம் வயதிலேயே வரும். உறுப்பு மாற்று அறுவைக்குப் பிறகு எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் கவனமாக இருக்கவேண்டும்.

அடுத்த நாட்களில் என்ன நடக்கும் என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. முதல் 4, 5 நாள் ஒன்றும் தெரியாது. முதல் வாரக் கடைசியில் சிவக்கும். இரண்டாம் வாரத்தில் எரிச்சல் கூடும், நீர் கசியும், பொருக்குக் கட்டும். மூன்றாம் வாரம்தான் பார்க்கச் சகிக்காத வாரம்; சிராய்த்த முழங்கால் மாதிரி பச்சைப் புண்ணாக இருக்கும். பெரும்பாலோர் பயந்து நிறுத்துவது 10-ஆம் நாளுக்கும் 14-ஆம் நாளுக்கும் நடுவில். அரைகுறையாக நிறுத்தினால் வலியை அனுபவித்ததுதான் மிச்சம். மேலே இருந்தது உரிந்து, அடியில் இருந்தது தங்கிவிடும். எரிச்சல் தாங்கமுடியவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விடச் சொல்லலாம், நாளைக்கு ஒரு வேளையாகக் குறைக்கச் சொல்லலாம். அந்த முடிவு அவருடையதாக இருக்கட்டும். புண் நன்றாகத் திறந்துவிட்டால், 3 வாரம் முடியுமுன்பே ‘போதும்’ என்று அவர் சொல்வதும் உண்டு.

எப்போது கேட்காமலே நிறுத்தவேண்டும்? மருந்து படாத இடத்துக்கும் சிவப்பு பரவிக்கொண்டே போனால், கொப்புளங்கள் கிளம்பினால், கண் இமை வீங்கி மூடிக்கொண்டால், மஞ்சளாகச் சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று அபூர்வம், ஆனால் உயிருக்கே ஆபத்து. இந்த மருந்தை உடம்பில் சிதைத்து வெளியேற்றும் டி.பி.டி. என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாகவோ, இல்லாமலோ இருக்கும். அவர்களுக்கு உள்ளே போன கொஞ்சமும் விஷமாகத் தங்கிவிடும். வாய்ப்புண், கடுமையான வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் இவை சேர்ந்து வந்தால் கிரீமைக் கழுவிவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும், டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு.

தடவும் முறைதான் பாதி வைத்தியம். உங்களுக்குப் பதிலாக வருபவரிடம் இதைப் படித்துக்காட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் தலையைக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, 10 நிமிடம் காயவிடவேண்டும். ஈரத்தோலில் தடவினால் மருந்து கூடுதலாக இறங்கி, எரிச்சலும் கூடும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் ஆகிய இடங்களில் முதலில் கொஞ்சம் வாசலின் பூசிவிடலாம். வியர்வையோடு வழிந்துவரும் கிரீம் அந்த மடிப்புகளில்தான் தேங்கும், மோசமான புண்களும் அங்கேதான் வரும். பிறகு நைட்ரில் என்ற செயற்கை ரப்பர் கையுறை போட்டு, புள்ளி புள்ளியாக வைத்து, மெல்லிய படலமாக இழுத்துவிடவேண்டும். தடவிய பிறகு வெள்ளையாகத் தெரிந்தால் அது அதிகம்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்கு அது போதும், வழுக்கைத் தலையும் நெற்றியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாளைக்கு இருவேளை என்றால் 1 கிராம். 20 கிராம் டியூப் 3 வாரத்துக்கு ஏறக்குறையச் சரியாக வரும். ஒரு வாரத்திலேயே தீர்ந்துபோனால் கை தாராளமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரே சமயத்தில் 500 சதுர சென்டிமீட்டருக்கு மேல் தடவக்கூடாது, அதாவது விரல்களோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று உள்ளங்கை. ‘டியூப் இருக்கிறதே, முன்கையிலும் போட்டுவிடலாம்’ என்று பெரியவர் சொன்னால் தலையாட்டாதீர்கள். கைக்குத் தனிச் சுற்று; அங்கே தோல் தடிப்பு, 3 வாரம் போதாமல் 4 முதல் 6 வாரம்கூட ஆகும்.

ஒரு வேளை தடவ மறந்துபோனால் விட்டுவிடுங்கள், அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடவேண்டாம். மேலே பிளாஸ்டர், பிளாஸ்டிக் உறை எதுவும் கூடாது, மருந்து ஏகத்துக்கு உள்ளே இறங்கிவிடும். மாலை வேளையைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் தலையணையில் அப்பாது. தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். அதை எடுக்கும்போதும் நீங்கள் வெறுங்கையாக இருக்கவேண்டாம். பெரியவர் சிகரெட் பிடிப்பவரா? கிரீமில் பாரஃபின் இருக்கிறது, அது ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும்.

மஞ்சள் பூசலாமா, தேங்காய் எண்ணெய் வைக்கலாமா என்று கை பரபரக்கும். பாசம் புரிகிறது; ஆனாலும் வேண்டாம். மஞ்சளால் புண் எரியும், நிறமும் ஒட்டிக்கொண்டு, உண்மையான சிவப்பு எது என்று டாக்டருக்கே தெரியாமல் போகும். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கிரீமையும் நடுவில் எடுக்காதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் போடலாம், அவருக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் பாராசிட்டமால் தரலாம்.

நாய், பூனை இருக்கும் வீடா? நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாகவேண்டும். இந்தக் கிரீமைத் தவறுதலாகத் தின்ற 5 நாய்கள் இறந்ததாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது. டியூபைக் கடித்த ஒரு நாய்க்கு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தியும் வலிப்பும் வந்துவிட்டன. பெரியவரின் தலையை நக்கும் செல்ல நாய் என்றால் இந்த 3 வாரம் மட்டுமல்ல, புண் ஆறும்வரை தள்ளியே இருக்கட்டும். கழற்றிய கையுறையை மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடவேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிஸ்பேனில் குளிர்காலத்திலும் நண்பகல் புற ஊதாக் குறியீடு, தோலுக்குப் பாதுகாப்பு தேவைப்படும் அளவான 3-ஐ எட்டிவிடும். ‘ஜூலைதானே’ என்று தொப்பியில்லாமல் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள். புண் இருக்கும்போது வெயில் பட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். அகலமான விளிம்புத் தொப்பிதான் நல்லது, வலைத்துணித் தொப்பியால் பயனில்லை.

கிரீமை நிறுத்திய பிறகு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வாசலின் போட்டுவந்தால் 2 முதல் 4 வாரத்தில் ஆறும். பொருக்கைப் பிய்க்கக்கூடாது, கழுவும்போது தானாக வருவது வரட்டும். ரோஜா நிறம் இரண்டு மூன்று மாதம்கூட நீடிக்கலாம், அது தழும்பு இல்லை. மூன்றாம் மாதத்தில் மறுபடி விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கிரீமுக்கு மசியாமல் எங்காவது கெட்டியாக, மேடாக, தொட்டால் வலிப்பதாக, ரத்தம் கசிவதாக, வேகமாக வளர்வதாக ஏதாவது நின்றால் அதற்கு இன்னொரு டியூப் கேட்கவேண்டாம். அது ஏற்கெனவே புற்றுநோயாகியிருக்கலாம், துணுக்கு வெட்டிச் சோதிக்கும் பயாப்ஸி எடுக்கவேண்டும்.

இவ்வளவு அவதிப்பட்டுப் பலன் உண்டா என்று மகள் கேட்பார். நெதர்லாந்தில் 624 பேரை வைத்து நான்கு வைத்தியங்களை ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. திட்டுகளில் நான்கில் மூன்று பங்காவது மறைந்து, ஓராண்டு கழித்தும் அப்படியே இருந்தவர்கள் இந்தக் கிரீமில் 74.7 சதவீதம், இமிகிமோட் என்ற வேறொரு கிரீமில் 53.9, ஒளிச் சிகிச்சையில் 37.7, இன்ஜெனால் ஜெல்லில் 28.9. கடைசியானதை ஐரோப்பாவில் 2020-இல் திரும்பப் பெற்றேவிட்டார்கள். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 932 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வில், 4 வாரம்வரை இதைத் தடவியவர்களுக்கு அறுவை தேவைப்படும் ஸ்குவாமஸ் என்ற வகைத் தோல் புற்றுநோய் முதலாண்டில் 75 சதவீதம் குறைந்திருந்தது. ஆண்டுகள் போகப்போக அந்தப் பலன் தேய்ந்துவிடும் என்பதால், சில வருடம் கழித்து மறுசுற்று தேவைப்படலாம்.

கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி மருந்தோடு கலந்து 4 நாள் மட்டும் தடவும் முறையும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கலவையை 3 வாரம் தடவினால் தலை வெந்துபோகும், தனிக் கிரீமை 4 நாளோடு நிறுத்தினால் ஒன்றுமே நடக்காது. டியூபின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மிச்சமாகும் கிரீமைப் பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குத் திட்டுக்குக் கொடுக்கவேண்டாம், குப்பையிலும் போடவேண்டாம். டியூபை மூடி, பையில் கட்டி, மருந்துக்கடையில் கொடுத்தால் அவர்கள் வாங்கி அழித்துவிடுவார்கள். கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் மகளின் வேலையாக இருக்கட்டும்.